டீசல் பம்பைத் திரும்பப் பூட்டும்போது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி, எஞ்சினுக்கு டீசலை அளந்து அழுத்தி அனுப்பும் பம்பைக் கழற்றி மாட்டிய பிறகு வரும் தலைவலி பற்றியவை. ஒரே மாதிரி கேட்டவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஆறு சிலிண்டர் பழைய டிப்பர். பம்பை கேலிபரேஷன் (டீசல் அளவைச் சரிசெய்வது) செய்து வாங்கிப் பூட்டினோம். ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் வெள்ளைப் புகை, பேச்சிப்பாறை ஏற்றத்தில் இழுவையே இல்லை. பம்ப் கடைக்காரர் தன் வேலை சரி என்கிறார். (குலசேகரம்)

அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். எவ்வளவு டீசல் போக வேண்டும் என்பது அவர் பொறுப்பு. எப்போது போக வேண்டும் என்பது பூட்டுகிறவர் பொறுப்பு. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் டைமிங், அதாவது டீசல் போகும் நேரம், பின்தங்கியதைக் காட்டுகின்றன. முந்தியிருந்தால் புகையை விட, 'டக் டக்' என்று அடிக்கும் சத்தம்தான் முதலில் கேட்கும்.

பழைய அடையாளக் கோட்டை நம்பி மட்டும் பூட்டாதீர்கள். முதல் சிலிண்டரை கம்ப்ரஷனுக்குக் கொண்டுவாருங்கள். அப்போது அதன் இரண்டு வால்வும் லூசாக இருக்கும், ஆறாவதில் ஒன்று மூடி மற்றது திறந்து மாறிக்கொண்டிருக்கும். இதைப் பார்க்காமல் ஃப்ளைவீல் குறியை மட்டும் பார்த்தால் ஒரு முழுச் சுற்று தப்பிவிடும், வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. அப்புறம் ஃப்ளைவீலில் உள்ள இன்ஜெக்‌ஷன் குறியை முள்ளுக்கு நேராக நிறுத்துங்கள். குறியைத் தாண்டிவிட்டால் லேசாகப் பின்னால் தட்டிச் சரி செய்யக் கூடாது. நன்றாகப் பின்னால் போய், எஞ்சின் ஓடும் திசையிலேயே மறுபடி வர வேண்டும். இல்லாவிட்டால் கியர் பல்லின் இடைவெளி உங்களை ஏமாற்றிவிடும்.

இனி பம்பின் முதல் எலிமென்ட்டில் (முதல் சிலிண்டருக்கு டீசல் தள்ளும் பகுதி) டெலிவரி வால்வையும் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டு, ஹோல்டரை மட்டும் மாட்டி, வளைந்த குழாய் ஒன்றைப் பொருத்துங்கள். டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் முழு டெலிவரியில் இருக்கட்டும். டீசலைத் திறந்தால் தாரையாக ஓடும். பம்ப் ஷாஃப்டை அது ஓடும் திசையில் மெல்லத் திருப்பினால் தாரை மெலிந்து, அறுந்து, சொட்டாகும். அந்த இடம்தான் டைமிங். அங்கேயே போல்ட்டை இறுக்குங்கள், இறுக்கியபின் இன்னொரு தடவை சரிபாருங்கள். எத்தனை டிகிரி என்பதை உங்கள் எஞ்சின் மேனுவலிலிருந்து மட்டும் எடுங்கள், பக்கத்து வண்டியிலிருந்து வேண்டாம்.

போட்டில் லாரி எஞ்சின்தான். சர்வீஸ் முடிந்து வந்த பம்பை மாட்டப் போகிறோம். எதை மறக்கக் கூடாது? (குளச்சல்)

பம்பின் கேம்பாக்ஸ் (அடியில் கேம் ஷாஃப்ட் சுழலும் பெட்டி) ஆயிலை. கடையிலிருந்து அது காலியாகவே வரலாம். பம்புக்கு எஞ்சினிலிருந்து ஆயில் வரும் வகையானாலும், முதல் ஸ்டார்ட்டுக்கு முன் கையால் ஊற்றித்தான் ஆக வேண்டும். உப்புக்காற்றில் ஹைபிரஷர் பைப்பின் கிளாம்புக்கு அடியில் துரு ஏறியிருக்கும், அதையும் தடவிப் பாருங்கள்.

இன்னொன்று. ஸ்டாப் லீவர் தடையில்லாமல் போய் வருகிறதா என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ரேக் மாட்டிக்கொண்டால் எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஏறிவிடும். ஏர் இன்டேக் வாயை மூட ஒரு தட்டைப் பலகை பக்கத்தில் இருக்கட்டும். துணியோ கையோ வேண்டாம், உறிஞ்சி இழுத்துவிடும்.

டீசல் லைனில் சிக்கிய ஏரை எடுத்து எடுத்து பேட்டரியே இறங்கிவிட்டது. குமிழி நிற்கவில்லை. (தக்கலை)

செல்ஃபை விடுங்கள், டீசலைக் கையால் ஏற்றும் ஹேண்ட் பிரைமரை அடியுங்கள். முதலில் ஃபில்டர் ஸ்க்ரூ, அப்புறம் பம்ப் ஸ்க்ரூ, கடைசியாக, செல்ஃபைக் கொஞ்சம் மட்டும் சுற்றி, நாசில் பக்க நட்டுகள். இந்த வரிசையில் போயும் குமிழி வந்துகொண்டே இருந்தால், டேங்குக்கும் அதிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவே எங்கோ காற்று நுழைகிறது. அந்தப் பக்கம் கசிந்தால் டீசல் வெளியே சொட்டாது, அதனால்தான் கண்ணில் படாது. பழைய காப்பர் வாஷரைத் திரும்பப் போட்டீர்களா? முதல் சந்தேகம் அதன்மேல்தான்.

பிஎஸ்-6 வண்டியிலும் நட்டை லூஸ் செய்து ஏர் எடுக்கலாமா? (ஆரல்வாய்மொழி)

கூடவே கூடாது. அந்த வண்டியின் காமன் ரெயிலில் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான டீசல் குழாய்) அழுத்தம் 1,600 பாரையும் தாண்டும். அந்தத் தாரை தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படி ஏதும் நடந்தால் வலிக்கவில்லையே என்று காத்திருக்காமல் உடனே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள், டீசல் அழுத்தத்தோடு ஏறியது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். இந்த பம்பை வறண்ட நிலையில் சுற்றவும் கூடாது. பிரைமரால் டீசல் நிரப்பியபிறகே செல்ஃப்.

உங்கள் ஊர்க் காற்றில் திறந்த வெளியில் பைப்பைக் கழற்றாதீர்கள். கழற்றிய வாய்க்கெல்லாம் உடனே மூடி போடுங்கள். இன்ஜெக்டருக்கு ஒரு மணல் துகள் போதும்.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் 7.3 லிட்டர் ஃபோர்டு பவர் ஸ்ட்ரோக்கில் 'ஹை பிரஷர் ஆயில் பம்ப்' மாற்றுகிறார். அதற்கும் இதே டைமிங்கா? (கருங்கல்)

இல்லை. அது டீசலைத் தள்ளும் பம்பே அல்ல. எஞ்சின் ஆயிலை அழுத்தி அனுப்பும், அந்த அழுத்தம்தான் இன்ஜெக்டருக்குள் டீசலைத் தள்ளும். எப்போது என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது, அதனால் பம்புக்கு டைமிங் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் மேலே உள்ள ரிசர்வாயரில் ஆயிலை நிரப்பிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஏறக்குறைய 500 பிஎஸ்ஐ ஆயில் அழுத்தம் வராமல் அந்த எஞ்சின் பிடிக்காது. பிடித்த பிறகும் கொஞ்ச நேரம் தடுமாறி ஓடும். ஆயிலில் மாட்டிய காற்று வெளியேறினால் சரியாகிவிடும், அதற்குள் பயந்து பம்பை மறுபடி கழற்ற வேண்டாம்.

எஞ்சின் ஆயில் அளவு தானாகக் கூடுகிறது. (மார்த்தாண்டம்)

பெரும்பாலும் டீசல் கலக்கிறது. பம்பின் எலிமென்ட், ஃபீட் பம்ப், ஷாஃப்ட் சீல் மூன்றையும் பாருங்கள். அதுவரை வண்டியை லோடுக்கு அனுப்பாதீர்கள், பேரிங் போய்விடும்.