முதலில் ஆள் உட்காரட்டும்: வீடு, மண்டபம், படிப்பகம் பற்றிக் கேள்வி பதில்

இன்டீரியர் வேலைதான் என் பிழைப்பு. வீடுகள், முதியோர் இல்லம், ஊர் மண்டபம், படிப்பகம் என்று ஆட்கள் கூடிப் புழங்குகிற இடங்கள்தான் அதிகம் செய்திருக்கிறேன். வாஸ்துவையும் பெயிண்ட் கலரையும் தவிர எதையும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். முதல் கேள்வியே வாஸ்துவில்தான் வந்தது, அதைத் தள்ளி வைத்துவிட்டு மற்றதற்குப் போகிறேன்.

அக்கா, எங்கள் அப்பார்ட்மெண்டில் 40 வீடு. எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது. ஆட்கள் பழகட்டும் என்று லாபியில் நல்ல சோபா செட் வாங்கிப் போட்டோம். ஒருத்தரும் உட்காருவதில்லை. ஏன்?

அங்கே உட்கார அவர்களுக்கு என்ன காரணம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். லிஃப்டுக்கு எதிரே, செக்யூரிட்டி மேசை பார்த்துக்கொண்டிருக்க, மின்விசிறி இல்லாத மூலையில் போய் யாராவது சும்மா உட்காருவார்களா? பழைய வீட்டுத் திண்ணையில் ஆள் உட்கார்ந்தது அது அழகாக இருந்ததால் அல்ல. அது போகிற வழியில் இருந்தது, நிழல் இருந்தது, சாய சுவர் இருந்தது, வீட்டுக்காரர் கூப்பிடாமலே உட்காரலாம், சொல்லாமலே எழுந்து போகலாம். இந்த அஞ்சும் இருக்கிற இடத்தை உங்கள் வளாகத்தில் தேடுங்கள். பெரும்பாலும் அது ஸ்கூல் வேன் வந்து நிற்கிற இடமாகவோ, இஸ்திரி வண்டி நிற்கிற மரத்தடியாகவோ இருக்கும், ஏனென்றால் அங்கே ஏற்கெனவே பத்து நிமிஷம் காத்திருக்கிறார்கள். அங்கே 17, 18 அங்குல உயரத்தில், ஒன்றரை அடி அகலத்தில், ஒரு கடப்பாக் கல் திண்ணை கட்டுங்கள். மேலே ஒரு ஷீட், ஒரு விளக்கு. நேர்கோடாக வேண்டாம், எல் வடிவில் கட்டினால் முகம் பார்த்துப் பேசலாம்.

சோபாவை விற்றுவிடுங்கள். அதில் புதைந்து உட்கார்ந்த தாத்தாவை எழுப்ப ரெண்டு ஆள் வேண்டும். அப்புறம், ஆர்வத்தில் மாடிப்படியிலும் வராந்தாவிலும் பெஞ்சு போட்டுவிடாதீர்கள், தீப்பிடித்தால் ஓடுகிற வழி அது.

850 சதுர அடி ஃபிளாட். கொலு வைக்கிற வீடு. வருஷத்துக்குப் பத்து நாளுக்காக ஹாலை எப்படி ஒதுக்குவது?

ஒதுக்க வேண்டாம், அந்தப் பத்து நாளில் ஹால் எப்படி மாறும் என்பதை இப்போதே யோசித்துவிட்டால் போதும். அஞ்சு படி, படிக்குப் பத்து அங்குல ஆழம் என்றால் ஏறக்குறைய நாலே கால் அடி சுவரிலிருந்து வெளியே வரும். எல்லாரும் கணக்குப் போடுவது இதோடு நின்றுவிடுகிறது. சுண்டல் வாங்க வருகிற பெண்கள் எங்கே உட்காருவார்கள்? படிக்கு முன்னால் குறைந்தது ஆறடி வெறும் தரை வேண்டும். அதனால் நடு ஹாலில் கண்ணாடி டீப்பாய் வேண்டாம், சோபா கனமில்லாததாக, ரெண்டு பேர் தூக்கிப் படுக்கையறைக்குள் தள்ளுகிற மாதிரி இருக்கட்டும். டிவி யூனிட்டைச் சுவரோடு சுவராகப் பெட்டி அடித்து நிரப்பாமல் கீழே தனி மேசை, மேலே டிவி என்று விட்டால் மேசை நகரும், படி அங்கே நிற்கும். சீரியல் லைட்டுக்கு அந்தச் சுவரில் ஒரு பிளக் பாயிண்ட். பொம்மைப் பெட்டிகள் பரணில் ஏறும், ஆனால் எந்தப் பரண் என்பது முக்கியம். சமையலறைப் பரணில் வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி மரப்பாச்சியைத் துடைத்தே கை வலிக்கும்.

மற்ற 355 நாளும் அந்த வெறும் தரை வீணாகாது. பிள்ளைகள் விளையாடும், ஊரிலிருந்து ஆள் வந்தால் பாய் விரிக்கலாம்.

நாங்கள் முதியோர் இல்லம் நடத்துகிறோம், 30 பேர். பெரிய ஹால், நல்ல நாற்காலிகள், டிவி எல்லாம் இருக்கிறது. ஆனால் பகல் முழுக்க யாரும் யாரோடும் பேசுவதில்லை.

நாற்காலிகள் சுவரோரமாக வரிசையாக இருக்கின்றன, சரிதானே?

1950களில் கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் ஒரு மருத்துவமனையில் இதே கதை. முதிய பெண்கள் வார்டுக்குப் புதுச் சாமான்கள் வாங்கிப் போட்டும் பேச்சு வரவில்லை. ஹம்ப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர் ராபர்ட் சாம்மர் என்ற உளவியலாளரிடம் இதைக் கவனிக்கச் சொன்னார். சுவரோரம் கிடந்த நாற்காலிகளை எடுத்துச் சின்னச் சின்ன மேசைகளைச் சுற்றிப் போட்டார்கள். பேச்சு வெகுவாகக் கூடியது. மருந்து கிடையாது, கவுன்சலிங் கிடையாது, நாற்காலி இடம் மாறியது அவ்வளவுதான்.

பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால் காது மந்தமானவருக்கு எதிராளியின் வாயசைவு தெரியாது, கழுத்தைத் திருப்பினால் வலி. சின்ன மேசை, நாலு நாற்காலி. மேசையில் ஏதாவது வேலை கிடக்கட்டும், பூ கட்டுவது, கீரை ஆய்வது, தாயக்கட்டம். வெறும் மேசைக்கு எதிரே உட்கார வைத்துப் பேசு என்றால் யாருக்கும் வராது. நாற்காலிக்குக் கைப்பிடி கட்டாயம், ஊன்றி எழ வேண்டுமே. டைல்ஸ் பளபளப்பு வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் பட்டால் தண்ணீர் சிந்திக் கிடக்கிற மாதிரி தெரிந்து பயந்து பயந்து நடப்பார்கள். ஒரு எச்சரிக்கை: தரை துடைக்கிற அம்மா தினமும் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் போவார், அவர் வேலைக்கு அதுதான் வசதி. அவரையும் கூப்பிட்டு வைத்துப் பேசுங்கள்.

படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு ஜன்னலோரக் கட்டிலைக் கொடுங்கள். ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை ஆபரேஷன் ஆனவர்களில் மரம் தெரிகிற ஜன்னல் கிடைத்தவர்கள், செங்கல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவர்களைவிட ஏறக்குறைய ஒரு நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். வலிமையான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது.

காரைக்குடியிலிருந்து பழைய தேக்குத் தூண் ரெண்டு வாங்கி கோவை ஃபிளாட் ஹாலில் நிறுத்தலாம் என்று ஆசை. நம் பாரம்பரியம் வீட்டில் இருக்கும் இல்லையா?

எனக்குப் பிடிக்காது. செட்டிநாட்டு வீட்டில் அந்தத் தூண் வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றியிருக்கிற தாழ்வாரக் கூரையைத் தாங்கும். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவை ஒட்டி ஓர் அறை, நல்லது கெட்டது எல்லாம் நடுவில். அந்த ஏற்பாட்டுக்குத்தான் தூண். உங்கள் ஹாலில் எதையும் தாங்காமல் நின்று வழியை மறிக்கும். அதுவும் ஒரு வீட்டைப் பிரித்து எடுத்த தூண், அந்த வீடு இனி இல்லை.

பதிலாக, செட்டிநாட்டுத் தரை ஓடான ஆத்தங்குடிக் கல் போடுங்கள். இன்றைக்கும் கண்ணாடிப் பலகைமேல் அச்சு வைத்து, கலர் சிமெண்டைக் கையால் ஊற்றி, பின்னால் மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். சூளை கிடையாது. அந்தத் தொழிலாளிக்குக் காசு போய்ச் சேரும். வீட்டுக்காரர் செய்ய வேண்டியது ஒன்றுதான், ஆசிட் பக்கத்திலேயே வரக்கூடாது. புழங்கப் புழங்கத்தான் மினுமினுப்பு ஏறும்.

வணக்கம் அக்கா, யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். அப்பப்பாவின்ர நாற்சார் வீட்டைத் திருத்துறம். மழைக்கு நடு முற்றத்தைக் கண்ணாடியால மூடிப்போட்டால் என்ன எண்டு அப்பா கேக்கிறார்.

வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள் தம்பி. வீட்டுக்குள் சூடாகிற காற்று மேலே எழுந்து போகிற வழியே அந்த முற்றம்தான். கண்ணாடி போட்டு அடைத்தால் வெயில் உள்ளே வரும், சூடு வெளியே போகாது, ஆறு மாதத்தில் ஏசி வாங்குவீர்கள். மழைச் சாரல்தான் பிரச்சினை என்றால் தாழ்வாரக் கூரையை இன்னும் ஒன்றரை அடி உள்ளே இறக்குங்கள், முற்றத்தைச் சுற்றி வடிகாலைச் சுத்தம் செய்து வாட்டம் சரிபாருங்கள். கண்டிப்பாக மூடத்தான் வேண்டும் என்றால் கூரைக்கு மேலே ரெண்டடி தூக்கி, நாலு பக்கமும் காற்றுக்குத் திறந்து விட்டு மூடுங்கள், கொசு வலை அடித்துக்கொள்ளலாம்.

இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் பத்திக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்குக் கட்டிய வீட்டைப் பற்றி அப்பாவுக்குச் சொல்லுங்கள். எல்லாரும் நடுவில் பங்களா கட்டி நாலு பக்கமும் தோட்டம் விட்ட காலத்தில், சின்ன நகரத்து மனையில் முற்றத்தை நடுவில் வைத்து வீட்டைச் சுற்றிப் போட்டார். உங்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது.

ஊர் மண்டபம், 200 பேர் கொள்ளும். மைக்கில் பேசினால் ஒரே கூச்சல், ஒன்றும் புரியவில்லை. பெரிய ஸ்பீக்கர் வாங்கலாமா சார்?

மேடம். பரவாயில்லை.

வாங்காதீர்கள், கூச்சல்தான் பெரிதாகும். கிரானைட் தரை, டைல்ஸ் சுவர், கான்கிரீட் மேற்கூரை, எல்லாமே சத்தத்தைத் திருப்பி அனுப்புகிறவை. நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள், சத்தத்தின் வால் எவ்வளவு நீள்கிறது என்று தெரியும். 1895இல் ஹார்வர்டில் புதிதாகக் கட்டின விரிவுரை மண்டபத்தில் ஒரு சொல் அடங்க அஞ்சரை விநாடி ஆனது. வாலஸ் சபைன் என்ற இயற்பியல் ஆசிரியர் ராத்திரிகளில் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எத்தனை விநாடி குறைகிறது என்று அளந்தார். கட்டட ஒலியியலே அங்கிருந்துதான் கிளம்பியது. நீங்களும் மெத்தையான பொருளைத்தான் சேர்க்க வேண்டும். மேற்கூரையில் மரநார்ப் பலகை, மேடைக்கு எதிர்ச் சுவரில் கனமான திரை, தரையில் பவானி ஜமக்காளம். அப்புறம் ஒரே பெரிய ஸ்பீக்கருக்குப் பதில் சின்னதாக நாலு, ஆட்களுக்குப் பக்கத்தில். முட்டை அட்டை ஒட்டச் சொல்வார்கள், அதில் பெரிய பலன் கிடையாது, தீப்பொறி பட்டால் குப்பென்று பற்றும்.

ஒற்றை அறை வாடகை வீடு, வேலையும் அங்கேயே. மனசே சரியில்லை. அறையை மாற்றினால் சரியாகுமா?

மேசையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் போடுங்கள், எழுந்ததும் திரையைத் திறங்கள், கட்டிலில் உட்கார்ந்து வேலை பார்க்காதீர்கள். இதெல்லாம் உதவும். ஆனால் வாரக்கணக்கில் இப்படி இருக்கிறது என்றால் என்னிடம் கேட்பதைவிட மருத்துவரிடம் போங்கள், தயவுசெய்து.

எங்கள் ஊர்ப் படிப்பகத்தைப் புதுப்பிக்கிறோம், 12க்கு 20 அடி அறை. பையன்கள் வருகிறார்கள், பெண் பிள்ளைகள் வருவதில்லை. அலமாரி எப்படி வைக்கலாம்?

அலமாரி நாலடிக்கு மேல் வேண்டாம், முன் வரிசைப் புத்தகங்களை அட்டை தெரிய வையுங்கள். ஆனால் அலமாரியால் பெண் பிள்ளைகள் வரப்போவதில்லை. வாசலில் கேரம் போர்டு இருக்கிறதா? எட்டு பேர் சுற்றி நிற்கிற அந்த வாசலைத் தாண்டி எந்தப் பிள்ளை உள்ளே போகும்? போர்டைப் பின்பக்கம் கொண்டு போங்கள். தெருப்பக்கம் ஜன்னலைப் பெரிதாக்குங்கள், உள்ளே இருப்பது வெளியே தெரிந்தால் அம்மாமார் தைரியமாக அனுப்புவார்கள். வாசலில் இருந்து தெருமுனை வரை விளக்கு எரிய வேண்டும். ஜன்னலுக்குக் கீழே ஒரு பெரிய மேசை, ஆறு பேர் சேர்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிற மாதிரி. கழிப்பறை உள்ளேயே, தாழ்ப்பாள் ஒழுங்காக விழ வேண்டும், அதன் சாவியைப் பொறுப்பாளர் மேசை டிராயரில் வைக்காதீர்கள். கதவுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டிவிடுங்கள்.