ஏ-யில் ஒரு ஷஃபிள்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு கடையில் ஞாயிறு சாயங்காலம் நடக்கும் ப்ளூஸ் ஜேமிங் (ஒத்திகை இல்லாமல் வந்தவர்கள் கூடி வாசிப்பது) பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். இரண்டே வரிதான். வழக்கமாக வரும் ‘ஆம்ப் கரகரக்கிறது’ கேள்விகளை ஓரம் கட்டும் அளவுக்கு அதைப் பற்றியே கேட்டிருக்கிறீர்கள். அதனால் இந்த முறை முழுக்க ப்ளூஸ்.

அண்ணே, எனக்கு 27 வயது, பாயான் லெப்பாஸில் ஷிஃப்ட் வேலை. நாலு வருடமாகக் கித்தார் வாசிக்கிறேன், கல்யாண விருந்துகளில் இளையராஜா பாட்டுகளுக்குப் போவேன். நீங்கள் எழுதியதைப் பார்த்து அந்த ஜேமிங்குக்குப் போய் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். ஒருத்தர் முன்னாலும் தாள் இல்லை, ஆனால் பேசி வைத்த மாதிரி வாசிக்கிறார்கள். வீட்டுக்கு வந்து தேடினால் ‘கட்டாயம் தெரிய வேண்டிய ப்ளூஸ் பாட்டுகள்’ என்று 50 பாட்டுக்குப் பட்டியல். வாரத்துக்கு ஒன்று என்றாலும் ஒரு வருடம் ஓடிவிடும். எங்கே தொடங்குவது?
– பட்டர்வொர்த் வாசகர்

அந்தப் பட்டியலை மடித்து கித்தார் பைக்குள் போடுங்கள் தம்பி, ஈரம் உறிஞ்சவாவது உதவும்.

அவர்கள் பேசி வைத்துத்தான் வாசிக்கிறார்கள், உங்கள் காதில் விழவில்லை, அவ்வளவுதான். தொடங்குவதற்கு முன்னால் பாடுகிறவர் பின்னால் திரும்பி ‘ஷஃபிள், ஏ, குயிக் சேஞ்ச், ஃப்ரம் த ஃபைவ்’ என்று முணுமுணுத்திருப்பார். பாட்டு முழுக்க அதற்குள் இருக்கிறது. ஷஃபிள் என்பது நடை, ஏ என்பது சுருதி. மற்ற இரண்டும் புரிய வேண்டுமானால் 12 பார் கணக்கு தெரிய வேண்டும். (பார் என்றால் நாலு தட்டு. இன்னொரு பாரும் அங்கேயே இருக்கும், அதில் கணக்கு வேறு.)

ஏ-யில் என்றால் முதல் 4 பார் ஏ செவன் கார்டு (கார்டு என்றால் சில ஸ்வரங்களை ஒன்றாக ஒலிப்பது), அடுத்த 2 பார் டி செவன், மறுபடி 2 பார் ஏ செவன், ஒன்பதாவது பாரில் ஈ செவன், பத்தில் டி செவன், பதினொன்றில் வீட்டுக்கு வந்து ஏ, பன்னிரண்டில் ஈ செவனைத் தொட்டு மறுபடி முதலிலிருந்து. மொத்தம் 48 தட்டு, ஒரு ஆவர்த்தனம் மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். குயிக் சேஞ்ச் என்றால் இரண்டாவது பாரிலேயே ஒரு தடவை டி-க்குப் போய்த் திரும்புவது. ஏ-யிலிருந்து எண்ணினால் ஐந்தாவது ஈ, அதுதான் ஃபைவ். ஃப்ரம் த ஃபைவ் என்றால் முன்னிசையாக ஒன்பதாவது பாரிலிருந்து கடைசி நாலு பாரை மட்டும் வாசித்துவிட்டுப் பாட்டுக்குள் நுழைவது. உங்கள் 50 பாட்டில் பெரும்பாலானவை இந்தச் சட்டத்துக்குள் அடங்கிவிடும், சுருதியும் வேகமும் வரிகளும்தான் மாறும்.

நீங்கள் கல்யாணங்களுக்கு வாசிக்கிறவர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ராஜா பாட்டுக்கு இடையிசையில் ஒரு ஸ்வரம் மாறினாலும் மூன்றாவது மேசையில் உட்கார்ந்திருக்கும் மாமா திரும்பிப் பார்ப்பார், அதனால் அப்படியே மனப்பாடம் செய்து பழகியிருப்பீர்கள். ஜேமிங்கில் அந்தப் பழக்கம் காலை வாரும். ப்ளூஸ் கித்தார் மேதை பி.பி. கிங் வாசித்ததை ஸ்வரத்துக்கு ஸ்வரம் வாசித்தாலும் அங்கே யாரும் கை தட்டப் போவதில்லை, ஆனால் எட்டாவது பாரா ஒன்பதாவது பாரா என்று தெரியாமல் முழித்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

எனக்கு அப்படித்தான் ஆனது. பல வருடங்களுக்கு முன்னால், ஜார்ஜ்டவுனில், நான் ஏறிய இரண்டாவது ஜேமிங். யாரோ ‘த த்ரில் இஸ் கான்’ என்றார்கள். பி.பி. கிங் 1969-இல் பதிவு செய்தது, அசல் ராய் ஹாக்கின்ஸ் 1951-இல் பாடியது. பி மைனர், 12 பார், சரி தெரியும் என்று ஏறிவிட்டேன். எட்டு பார் வரைக்கும் சொர்க்கம். ஒன்பதாவது பாரில் நான் வழக்கம்போல எஃப் ஷார்ப்புக்குப் போனேன், மற்ற எல்லாரும் ஜி மேஜர் செவனில் இருந்தார்கள். அரை ஸ்வர இடைவெளியில் இரண்டு கார்டு ஒன்றாக ஒலித்தால் எப்படி இருக்கும் என்று வீட்டில் வாசித்துப் பாருங்கள், பல் கூசும். நான் பதறி பத்தாவது பாரில் ஈ மைனருக்கு இறங்கினேன், அவர்கள் அப்போதுதான் எஃப் ஷார்ப் செவனுக்கு வந்தார்கள். டிரம்ஸ்காரர் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டார். பேஸ் வாசித்த பெரியவர் மட்டும் அடுத்த சுற்றில் என் பக்கத்தில் வந்து நின்று, எட்டாவது பார் முடியும்போது, ‘இப்ப ஜி, அப்புறம்தான் எஃப் ஷார்ப்’ என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு நான் அந்தப் பாட்டில் தவறியதில்லை.

ஆகவே என் கணக்கு இது: பாட்டுகளைப் படிக்காதீர்கள், வடிவங்களைப் படியுங்கள், ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு பாட்டைக் கொக்கியாக வைத்துக்கொள்ளுங்கள். குயிக் சேஞ்ச் ஷஃபிளுக்கு ‘ஸ்வீட் ஹோம் சிகாகோ’ (ராபர்ட் ஜான்சன், 1936). மைனருக்கு மேலே என் மானத்தை வாங்கிய பாட்டு. மெதுவாகப் போவதற்கு டி-போன் வாக்கரின் ‘ஸ்டார்மி மண்டே’ (1947). இதை இன்று பலரும் வாசிக்கும் விதத்தில், ஜி-யில் என்றால், ஏழாவது எட்டாவது பாரில் ஜி, ஏ மைனர், பி மைனர், பி ஃப்ளாட் மைனர் என்று படியேறி இறங்கும், அதைத் தெரியாமல் ஜி-யிலேயே உட்கார்ந்திருக்காதீர்கள். 8 பாருக்கு ‘கீ டு த ஹைவே’. இதில் இரண்டாவது பாரிலேயே ஐந்தாம் கார்டு வந்துவிடும், 12 பார் பழக்கத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் அங்கே மொத்தமாக வழுக்குவார்கள். நிறுத்தி நிறுத்தி வாசிப்பதற்கு வில்லி டிக்ஸன் எழுதி மடி வாட்டர்ஸ் 1954-இல் பதிவு செய்த ‘ஹூச்சி கூச்சி மேன்’. அதில் முதல் கார்டு மட்டும் 8 பாருக்கு நீளும், மொத்தம் 16. இந்த ஐந்து போதும். ‘மஸ்டாங் சாலி’யை யாராவது கேட்பார்கள், எப்போதும் யாராவது கேட்பார்கள், பயப்பட வேண்டாம், அது 12 பாரை இரட்டிப்பாக்கி 24 ஆக்கியதுதான்.

அப்புறம், சோலோவுக்கு (தனியாக முன்னால் நின்று வாசிப்பதற்கு) செலவழிக்கும் நேரத்தில் பாதியை கார்டுக்குத் திருப்புங்கள். மேடையில் ஐந்து பேர், ஆளுக்கு இரண்டு சுற்று என்றால் பத்துச் சுற்றில் எட்டுச் சுற்று நீங்கள் இன்னொருத்தருக்குத்தான் வாசிக்கிறீர்கள், பாட்டு வரிகள் தனி. அந்த நேரத்தில் ஒலியைக் குறையுங்கள். பக்கத்துக் கித்தார் கீழே வாசித்தால் நீங்கள் மேலே போய் மூன்று தந்தியில் சின்னதாகப் பிடியுங்கள், இரண்டு பேரும் ஒரே இடத்தில் குடைந்தால் கேட்க நாராசமாக இருக்கும்.

எண்ணுவதற்கு ஒரு வழி: ‘ஒன்று இரண்டு மூன்று நான்கு, இரண்டு இரண்டு மூன்று நான்கு, மூன்று இரண்டு மூன்று நான்கு’ என்று ஒவ்வொரு பாரின் முதல் தட்டிலும் பார் எண்ணைச் சொல்லிக்கொண்டே வாசியுங்கள். ஃபெரியில் வரும்போது கித்தார் இல்லாமல், காதில் பாட்டை மாட்டிக்கொண்டு விரலால் தொடையில் எண்ணலாம். இரண்டு வாரத்தில் எண்ணுவது தானாக நின்றுவிடும், ஒன்பதாவது பார் வருவது உடம்புக்கே தெரியும்.

என் மகளுக்கு 16 வயது, எட்டு வருடமாகக் கர்நாடக வயலின் படிக்கிறாள். பள்ளித் தோழி வீட்டில் ப்ளூஸ் வாசிக்கிறார்கள் என்று போய் வந்ததிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறாள். பாட்டு டீச்சருக்குத் தெரிந்தால் கோபிப்பாரோ என்று எனக்குக் கவலை. இது அவள் படிப்பைக் கெடுக்குமா?
– செந்தூல் வாசகி

கெடுக்காது அம்மா. டீச்சரிடம் ‘சுத்த தன்யாசியில் கொஞ்சம் பயிற்சி செய்கிறாள்’ என்று சொல்லிவிடுங்கள், பொய்யும் இல்லை. ச க ம ப நி, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், கைசிகி நிஷாதம்: ப்ளூஸ்காரர்கள் மைனர் பென்டடானிக் என்று சொல்வது அதே ஐந்து ஸ்வரம். மேஜர் பென்டடானிக் என்பது மோகனத்தின் ஸ்வரங்கள். மத்யமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவில் பிரதி மத்யமத்தைத் தொட்டு இழுத்தால் அவர்கள் ‘ப்ளூ நோட்’ என்பார்கள்.

ஆனால் மகளிடம் ஒன்று சொல்லுங்கள். அடியில் ஒலிக்கும் கார்டில் அந்தர காந்தாரம் இருக்கும், மேலே அவள் வாசிப்பது சாதாரண காந்தாரம். நம் காதுக்கு அது தப்பு, ப்ளூஸில் அந்த உரசல்தான் ருசி. இரண்டு காந்தாரத்துக்கும் நடுவில் எங்கேயோ நிற்கும் ஒரு இடம் உண்டு. கித்தார்காரர்கள் தந்தியை வளைத்து அங்கே போய்ச் சேர வருடக்கணக்காகப் பாடுபடுவார்கள். வயலினில் கித்தார் மாதிரி ஃப்ரெட் கட்டையே கிடையாது, கமகம் பழகிய விரல், அவள் ஒரு மாலையில் போய்ச் சேர்ந்துவிடுவாள். ராக ஆலாபனை மாதிரி நீட்டிக்கொண்டே போகாமல், இரண்டு பார் வாசித்துவிட்டு இரண்டு பார் சும்மா இருக்கப் பழகட்டும். அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருக்கும்.

ஜேமிங் பல இடங்களில் மது விற்கும் கடைகளில்தான் நடக்கிறது. முன்கூட்டியே கேளுங்கள், கூடப் போங்கள்.

உறுமி மேளக் குழுவில் இருக்கிறேன். டிரம்ஸ் கொஞ்சம் வரும். ஷஃபிள் ஷஃபிள் என்கிறார்கள், எனக்குக் கேட்டால் நம்ம அடி மாதிரிதான் இருக்கிறது. நான் நினைப்பது சரியா?
– கெப்போங் வாசகர்

கிட்டத்தட்ட சரி. ‘தகிட தகிட தகிட தகிட’ என்று சொல்லுங்கள், நாலு தட்டு, ஒரு பார். இப்போது நடுவிலிருக்கும் ‘கி’யை வாய்க்குள் விழுங்கிவிடுங்கள்: ‘த–ட த–ட த–ட த–ட’. அதுதான் ஷஃபிள், திஸ்ர நடை. மெதுவான ப்ளூஸில் ‘கி’ திரும்பி வந்துவிடும், மூன்றையும் தட்டலாம்.

வித்தியாசம் எங்கே என்றால் அழுத்தத்தில். ஸ்னேர் டிரம் அடி இரண்டாவது நாலாவது தட்டில் விழ வேண்டும். உறுமிக்காரர்களுக்குச் சூடு ஏற ஏற வேகமும் ஏறும், சாமி வரவழைக்கிற கை அது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் இங்கே தொடங்கிய வேகத்தில்தான் முடிக்க வேண்டும். பாடுகிறவர் முஷ்டியை உயர்த்தினால் இந்தச் சுற்றோடு முடிகிறது என்று அர்த்தம், அதனால் கண்ணை எடுக்காதீர்கள்.

தமிழில் ப்ளூஸ் பாடினால் சிரிப்பார்களா?
– பிறை வாசகர்

பாடிப் பாருங்கள். நெகிரி செம்பிலான் பேச்சு மலாயிலேயே ‘அப்போ நாக் டிகாத்தோ’ பாடி ப்ளூஸ் கேங் என்ற குழு நாடு முழுக்கப் பேர் வாங்கியது. பினாங்கில் பிறந்த ஆலிகேட்ஸ் குழுவில் டேவிட் ஆறுமுகமும் லோகநாதனும் மலாய்ப் பாட்டு பாடியபோது இவர்கள் தமிழர்களாயிற்றே என்று யாரும் சிரிக்கவில்லை, கேசட் வாங்கினார்கள். பாஷை தடை இல்லை.

வடிவமும் சுலபம். நாலு பாருக்கு ஒரு வரி, அதே வரி இன்னொரு தடவை, மூன்றாவது வரி பதில். ஒவ்வொரு வரியும் இரண்டு பாருக்குள் முடிந்துவிட வேண்டும், மிச்ச இரண்டு பாரில் கித்தார் பதில் பேசும். இங்கேதான் நம் ஆட்கள் தவறுவார்கள், வரியை நாலு பாருக்கும் அடைத்துவிடுவார்கள். மூச்சு விட இடம் வேண்டும். நான் ஒரு நாள் ராத்திரி படகுத்துறையில் நின்றுகொண்டு கட்டியது:

கடைசி ஃபெரி போயிடுச்சு, பாலத்துல ஜாமு
அட, கடைசி ஃபெரி போயிடுச்சு, பாலத்துல ஜாமு
வீட்டுல சோத்த மூடிட்டாங்க, மணி பன்னெண்டாமு

ஈ-யில், மெதுவாக. எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம்.

என்னிடம் இருப்பது 200 வெள்ளி அக்வஸ்டிக் கித்தார்தான். அதோடு போகலாமா?
– பிரிக்பீல்ட்ஸ் வாசகர்

போகலாம். பிக்கப் (கித்தாரை ஆம்பில் இணைக்க உதவும் கருவி) இல்லை என்றால் டிரம்ஸ் தொடங்கியதும் உங்கள் சத்தம் உங்களுக்கே கேட்காது, அதனால் பேர் எழுதிக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், ஒரு மைக் முன்னால் உட்கார வைப்பார்கள். அதுவும் இல்லை என்றால் யாராவது தன் கித்தாரைக் கொடுப்பார், ஜேமிங்குக்கு வருகிறவர்கள் அந்த விஷயத்தில் தாராளம். சுருதி சேர்க்க ட்யூனர் கொண்டு போங்கள். தந்தி மீட்டும் பிக் இரண்டு கொண்டு போங்கள், ஒன்று கட்டாயம் மேடைக்கு அடியில் போய்விடும்.