ரோமாபுரிக்குத் தண்ணீர் வந்த வழி: வாசகர் கேள்வி – பதில்

(பழைய கிரேக்க, ரோமானியக் கட்டுமானம் பற்றி வந்த கேள்விகளில் தண்ணீரும் சுண்ணாம்பும் தொடர்பானவை மட்டும் இந்த இதழில்.)

மலையிலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவர ரோமானியர்கள் ஏன் அவ்வளவு உயரமான வளைவுப் பாலங்களைக் கட்டினார்கள்? பள்ளத்தில் குழாயை இறக்கி மறுபக்கம் ஏற்றியிருக்கலாமே? தண்ணீர் தன் மட்டத்தைத் தேடும் என்பது அவர்களுக்குத் தெரியாதா?
– வாசகர், மதுரை

நன்றாகவே தெரியும். கிரேக்க நகரமான பெர்கமோனில் ரோமானியர் வருவதற்கு முன்பே பெரிய சைபன், அதாவது பள்ளத்தில் இறங்கி மறுபக்கம் ஏறும் குழாய், இருந்தது. பிரான்சின் லியோன் நகருக்கு வந்த ஷியே கால்வாயிலும் பள்ளங்களைக் காரீயக் குழாய்களால் தாண்டியிருக்கிறார்கள். சிக்கல் செலவிலும் அழுத்தத்திலும்தான். பள்ளத்தின் அடியில் அழுத்தம் ஏறும். குழாய் திரும்புகிற இடத்தில் இணைப்பு பிய்த்துக்கொள்ளும். அதனால் சுடுமண் குழாய் வைப்பவர்களுக்கு ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் சொல்லும் யோசனைகள்: இணைப்புகளைச் சுட்ட சுண்ணாம்பையும் எண்ணெயையும் குழைத்துப் பூசு, திருப்பத்தில் குழாய்க்குப் பதில் துளையிட்ட கல்லை வை, முதல் முறை தண்ணீர் விடும்போது சாம்பலைக் கலந்து மெதுவாக விடு. சாம்பல் சிறு கசிவுகளில் போய் அடைத்துக்கொள்ளும். வேகமாகத் திறந்தால் உள்ளே சிக்கிய காற்றே குழாயை உடைத்துவிடும். புது மோட்டார் லைனை முதல் நாள் திறக்கும் பிளம்பருக்கு இது புதிதாக இருக்காது.

இன்னொன்று, படங்களைப் பார்த்து ஏமாற வேண்டாம். ரோமின் மார்சியா கால்வாய் மொத்தம் சுமார் 91 கி.மீ. அதில் 80 கி.மீ. தரைக்கு அடியில் ஓடியது. வளைவுகள் மேல் வந்தது கடைசிப் பத்து கிலோமீட்டர் அளவுதான். சுற்றுலாப் பயணி பார்ப்பது அதை மட்டும்.

உண்மையான வித்தை சரிவில் இருக்கிறது. பிரான்சின் நீம் நகரத்துக்குப் போன கால்வாயின் நீளம் 50 கி.மீ.; தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள இறக்கம் வெறும் 12.6 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்குச் சராசரியாக 25 செ.மீ., அதாவது ஒரு சாண் உயரத்தை விடக் கொஞ்சம்தான் கூடுதல். சரிவு மிகவும் குறைந்தால் தண்ணீர் தேங்கி வண்டல் இறங்கும். மிகவும் கூடினால் வேகம் சுவர்ப் பூச்சை அரித்துவிடும், கால்வாயும் ஊர் வருவதற்குள் தாழ்ந்துபோகும். பிறகு மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறாது. வழியில் கார்டோன் ஆற்றின் மேல் நிற்கும் 49 மீட்டர் உயரப் பாலமும் அந்த உயரத்தைக் காப்பாற்றத்தான்.

அந்தச் சரிவை எந்தக் கருவியால் அளந்தார்கள்? ரசமட்டம் கூடக் கிடையாதே?
– சிவில் மாணவி, ஈரோடு

கொரோபாட்டிஸ் என்று ஒரு நீளப் பலகை. 20 ரோமானிய அடி, அதாவது கிட்டத்தட்ட 6 மீட்டர். இரண்டு முனையிலும் கால்கள். பலகைக்கும் காலுக்கும் இடையே குறுக்குச் சட்டங்கள். அவற்றில் செங்குத்துக் கோடுகள். பலகையிலிருந்து தொங்கும் தூக்குக் குண்டுகளின் நூல் எல்லாக் கோட்டிலும் ஒன்றுபோல் படிந்தால் பலகை மட்டம். காற்று அடித்தால் நூல் ஆடும் அல்லவா? அதற்கும் வழி இருந்தது. பலகையின் மேல் 5 அடி நீளம், ஒரு விரல் அகலம், ஒன்றரை விரல் ஆழத்தில் ஒரு பள்ளம். அதில் தண்ணீர் ஊற்றி, இரு முனையிலும் விளிம்பைச் சமமாகத் தொடுகிறதா என்று பார்ப்பார்கள். நம் கொத்தனாரின் டியூப் லெவலுக்கு ஒன்றுவிட்ட அண்ணன்.

கருவி சரியாக இருந்தாலும் ஆள் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அல்ஜீரியாவில் ஒரு கல்வெட்டே இருக்கிறது. சால்டே நகரத்துக்கு (இன்றைய பெஜாயா) மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுவர நோனியஸ் டாட்டஸ் என்ற படை அளவையாளர் கோடு போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு பக்கமிருந்தும் குடைந்தார்கள். சந்திப்பு நிகழவே இல்லை. தோண்டிய இரண்டு சுரங்கங்களின் நீளத்தைக் கூட்டினால் மலையின் அகலத்தையே மிஞ்சிவிட்டது. மலைக்கு மேல் கம்பு நட்டுக் குறித்த நேர்கோட்டை விட்டு இரு கோஷ்டியும் தத்தம் வலப்பக்கம் விலகியிருந்தது. எதிரெதிரே வரும் இருவர் ஆளுக்கொரு வலப்பக்கம் ஒதுங்கினால் இடிக்காமல் கடந்து போய்விடுவார்களே, அதேதான். அவரைத் திரும்ப அழைத்தார்கள்; வரும் வழியில் கொள்ளையர் அடித்துப் பிடுங்கிக்கொண்டார்கள்; எப்படியோ வந்து சேர்ந்து, கடற்படை வீரர்களையும் துணைப்படையினரையும் போட்டிக்கு விட்டு வேலையை முடித்தார். எல்லாவற்றையும் கல்லில் பொறித்தும் வைத்தார்!

அவருக்கு ஏறத்தாழ 700 ஆண்டுகள் முன்பே, கிரேக்கத் தீவான சாமோஸில் யுபாலினோஸ் என்ற பொறியாளர் 1,036 மீட்டர் தண்ணீர்ச் சுரங்கத்தை இரு பக்கமிருந்தும் குடைந்து சேர்த்திருந்தார். சந்திக்கும் இடம் நெருங்கியதும் நேராகப் போவதை விட்டுப் பாதையை வளைத்தார். எதிரெதிரே வரும் இரண்டு கோடுகள் இணையாகவே விலகிப் போகலாம். சாய்த்துவிட்டால் எங்காவது ஒன்றையொன்று வெட்டியே தீரும். உயரத்தில் தவறாமலிருக்க ஒரு பக்கம் கூரையை உயர்த்தி, மறுபக்கம் தரையைத் தாழ்த்தினார். பிழை வரும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு வேலை செய்தவர் அவர். என் ஓட்டு அவருக்குத்தான்.

வீட்டு இணைப்பு உண்டா? மீட்டர் இல்லாமல் கணக்கு எப்படி?
– வாசகர், சென்னை

உண்டு, பேரரசரின் அனுமதி பெற்றவர்களுக்கு. கணக்கு குழாய் வாயின் அளவில். குயினாரியா என்பது அலகு: ஒன்றேகால் விரல், நம் கணக்கில் சுமார் 2.3 செ.மீ. குறுக்களவு உள்ள குழாய். தொட்டியில் இணைக்கும் முதல் துண்டு வெண்கலம், 12 விரல் (22 செ.மீ.) நீளம், அரசு முத்திரையுடன். காரீயத்தை வளைத்து அகலப்படுத்திவிடலாம், வெண்கலம் அப்படி மசியாது. அதற்கு அப்பால் 50 அடி வரை குழாய் அதே அளவில்தான் இருக்க வேண்டும்.

கி.பி. 97-இல் ரோமின் தண்ணீர்ப் பொறுப்பை ஏற்ற ஃபிரான்டினஸ் போய்ப் பார்த்தபோது விதி ஒன்று, நடப்பு வேறு. முத்திரையில்லாத வாய்கள், முத்திரை உள்ள வாய்க்கு அடுத்தே தடித்த குழாய், தெருவுக்கு அடியில் போகும் குழாயில் துளை போட்டு வழி நெடுக வியாபாரம். இணைப்பு கைமாறும்போது புதியவருக்குப் புது ஓட்டை போட்டுவிட்டு, பழைய ஓட்டையை ஊழியர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட கதையும் உண்டு. பராமரிப்புக்கு இரண்டு குழுவாக 700 அடிமைகள் இருந்தார்கள். அவர்களையும் செல்வாக்கு உள்ளவர்கள் சொந்த வேலைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்களாம்.

ஒரு குறை: வாயின் பரப்பை மட்டும் அளந்தார்கள், வேகத்தைச் சேர்க்கவில்லை. ஒரே அளவு வாயை ஆழத்தில் வைத்தால் அதிகம் கொட்டும். வேகம் ஓட்டத்தைக் கூட்டும் என்று ஃபிரான்டினஸே கவனித்திருக்கிறார். ஆனால் அதைக் கணக்கில் கொண்டுவரும் வழி அவரிடம் இல்லை.

காரீயக் குழாய்த் தண்ணீர் குடித்துத்தான் ரோமானியப் பேரரசு அழிந்தது என்கிறார்களே?
– வாசகி, திருநெல்வேலி

குழாயைக் குற்றம் சொல்வதற்கு முன் இரண்டைப் பாருங்கள். தண்ணீர் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருந்தது, குழாயில் தேங்கவில்லை. அது கடினநீர் வேறு. வாட்டர் ஹீட்டர் கம்பியில் வெள்ளையாகப் படியுமே, அது உட்சுவரில் தோலாகப் படிந்து காரீயத்தை மூடிவிட்டது. நீம் கால்வாயில் இந்தப் படிவு ஓர் அடிக்கும் மேல் தடித்துப்போன இடங்கள் உண்டு. சுரண்டாமல் விட்டால் ஓட்டமே சுருங்கிவிடும். காரீயம் உடம்புக்குள் போன சுருக்கு வழி, திராட்சைச் சாற்றைக் காரீயப் பாத்திரத்தில் சுண்டக் காய்ச்சிய பாகு. அதை ஒயினிலும் உணவிலும் சேர்த்தார்கள். காரீய வேலை செய்பவர்களின் வெளிறிய முகத்தைக் காட்டி, சுடுமண் குழாயே நல்லது என்று விட்ருவியஸ் அப்போதே சொல்லிவிட்டார்.

ரோமானிய கான்கிரீட் 2,000 ஆண்டு நிற்கிறது, நம் தளம் 30 ஆண்டில் பெயர்கிறது. அந்தக் கலவை விகிதம் கிடைக்குமா? பழைய வீட்டுத் திண்ணையைச் சரிசெய்ய வேண்டும்.
– வாசகர், காரைக்குடி

விகிதம் ரகசியமே இல்லை. விட்ருவியஸ் தருவது: தோண்டியெடுத்த மணல் என்றால் சுண்ணாம்பு 1, மணல் 3. ஆற்று மணல் என்றால் 1-க்கு 2. அதோடு மூன்றில் ஒரு பங்கு சலித்த செங்கற்பொடி சேர்த்தால் இன்னும் நல்லது. கடலுக்குள் கட்ட, சுண்ணாம்பு 1, நேப்பிள்ஸ் பக்கத்து எரிமலை மண் 2. அந்த மண்ணில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு சேர்ந்து தண்ணீருக்கு அடியிலும் இறுகும். எரிமலை இல்லாத ஊரில் அந்த வேலையைச் செய்வது செங்கற்பொடி, நம் சுர்க்கி. முல்லைப் பெரியாறு அணையில் போனது அதுதான்.

உங்கள் திண்ணைக்குச் சுண்ணாம்பு 1, சுர்க்கி 2 என்று தொடங்கலாம். கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. கருகிய செங்கல்லை இடித்த பொடி உதவாது. கண்ணாடியாக இறுகிப்போனது சுண்ணாம்போடு சேராது, மிதமாக வெந்ததே வேண்டும். சுண்ணாம்பு சரியாக நீறாமல் கட்டி இருந்தால், பூசிய பிறகு நீறி வெடித்துக் குழி விழும். மூன்றாவது அவசரம். சிமென்டுக்கு ஏழு நாள் தண்ணீர் அடித்துப் பழகியவர்கள் இதையும் அப்படியே விட்டுவிடுவார்கள். ஈரச்சாக்கு போட்டு வாரக்கணக்கில் காயாமல் காக்க வேண்டும். மேல்பூச்சுக்கு மூன்றாண்டுக்குக் குறைந்து ஊறிய சுண்ணாம்பைப் பழைய ரோமானியக் கட்டட விதிகள் தடுத்தன என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்கு மறைப்பு இல்லாமல் அருகே போகாதீர்கள்.

கம்பி கட்டிய தளத்துக்கு இதை நினைக்கவே வேண்டாம். ரோமானிய கான்கிரீட் நிலைத்ததற்குப் பெரிய காரணம் உள்ளே துருப்பிடிக்க இரும்பே இல்லாததுதான். எனவே எல்லாம் தடிமனாகவும் வளைவாகவும் இருக்கும். ரோமின் பாந்தியோன் கோயிலின் 43.3 மீட்டர் குறுக்களவுக் குவிமாடம் அடியில் 6.4 மீட்டர் தடிப்பு, உச்சியில் 1.2 மீட்டர், மேலே போகப் போக எடை குறைந்த கல், உச்சியில் நுரைக்கல். ரோமானிய கான்கிரீட் ஊற்றும் கலவையும் அல்ல. கல்லையும் சாந்தையும் அடுக்கடுக்காகப் போட்டு இடித்து இறுக்குவது.

2023-இல் வெளியான ஓர் ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. அந்தச் சாந்தில் தெரியும் வெள்ளைக் கட்டிகளைச் சரியாகக் கலக்காத அடையாளம் என்றே முன்பு நினைத்தார்கள். சுட்ட சுண்ணாம்பை நீற்றாமல் சூட்டோடு கலந்ததால் வந்தவை அவை. விரிசலில் தண்ணீர் இறங்கினால் கட்டி கரைந்து அங்கேயே மீண்டும் படிந்து அடைக்கிறது என்பது முடிவு. ஆய்வுக்கூடத்தில் சரி, திண்ணையில் முயல வேண்டாம்; மேலே சொன்ன வெடிப்புதான் மிஞ்சும்.

ரோமில் இந்தத் தண்ணீர் எப்போது நின்றது?
– வாசகர், திருச்சி

கி.பி. 537-இல் நகரை முற்றுகையிட்ட கோத்தியர்கள் (ஜெர்மானிய இனத்தார்) கால்வாய்களை வெட்டிவிட்டார்கள். எதிரி அவற்றின் வழியே நுழைந்துவிடக் கூடாது என்று உள்ளேயிருந்த கிழக்கு ரோமானியத் தளபதி பெலிசாரியஸும் அவற்றை அடைத்தார். முந்தின ஆண்டு நேப்பிள்ஸ் நகருக்குள் அவருடைய வீரர்களே கால்வாய் வழியாகப் புகுந்தவர்கள்தானே! தண்ணீர் நின்றதும் மாவு அரைக்கும் ஆலைகளும் நின்றன. டைபர் ஆற்றில் படகுகளைக் கட்டி, இடையில் சக்கரம் மாட்டி அரைத்தார்கள். பின்னர் சில கால்வாய்களைச் செப்பனிட்டார்கள். கி.மு. 19-இல் அக்ரிப்பா கட்டிய விர்கோ கால்வாய் பெரும்பாலும் தரைக்கு அடியிலேயே ஓடியதால் பெருஞ்சேதமின்றித் தப்பியது. பலமுறை பழுதுபார்க்கப்பட்டு, ட்ரெவி நீரூற்றுக்குத் தண்ணீர் தருவது இன்றும் அந்தத் தடம்தான்.