ஊழியத்துக்குப் போகும் மகனின் ஒரு நாள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, எங்களுடையது கிருஷ்ணகிரி. என் கணவர் மாங்கூழ் ஆலைக்கு லாரி ஓட்டுகிறார். பெங்களூரில் படித்துக்கொண்டிருந்த எங்கள் ஒரே மகன் இரண்டு ஆண்டுகளுக்கு முன், அமெரிக்காவில் தோன்றிய மோர்மன் சபையில் சேர்ந்தான். இப்போது படிப்பை நிறுத்தி வைத்துவிட்டு, இரண்டு ஆண்டு ஊழியத்துக்காக இங்கிலாந்து செல்ல வேண்டும் என்று கடிதம் வந்திருப்பதாகச் சொல்கிறான். சம்பளம் கிடையாதாம். நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். அவன் நம்பிக்கையைத் தடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் அவன் அங்கே எப்படி வாழ்வான், என்ன சாப்பிடுவான், முடியவில்லை என்றால் திரும்பி வரலாமா என்று எண்ணி எனக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. (ஒரு தாய், கிருஷ்ணகிரி)

பதில்: அம்மா, தங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தருமபுரியில் நான் குடியிருக்கும் தெருவிலேயே, பிலிப்பைன்ஸில் இரண்டாண்டு ஊழியம் முடித்துத் திரும்பிய இளைஞர் ஒருவர் இருக்கிறார். அவரோடு மூன்று மாலைகள் உட்கார்ந்து கேட்டுக்கொண்ட பிறகே இதை எழுதுகிறேன். நாடு மாறினாலும் அந்தச் சபையின் ஊழியக்காரர்களுடைய நாள் பெரிதாக மாறுவதில்லை என்பதால், அவர் சொன்னவற்றில் பெரும்பகுதி தங்கள் மகனுக்கும் பொருந்தும்.

முதலில், தங்கள் மகன் ஓரிரவுகூடத் தனியாக இருக்கமாட்டான். ஊழியக்காரர்கள் எப்போதும் இருவர் இருவராகவே அனுப்பப்படுகிறார்கள். ஒரே வீட்டில் தங்கி, ஒன்றாகச் சமைத்து, ஒன்றாகவே வெளியே போய்வர வேண்டும், ஒருவர் பார்வையிலிருந்து மற்றவர் விலகக் கூடாது என்பது கண்டிப்பான விதி. ஏறத்தாழ ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றம் பற்றிய முடிவு வரும். அப்போது ஊரோ துணையோ மாறலாம். பழகிய துணையைப் பிரிவதும், அறியாத ஒருவரோடு மறுபடி முதலிலிருந்து பழகத் தொடங்குவதும் தமக்கு மொழி கற்பதைவிடக் கடினமாக இருந்தன என்று எங்கள் தெரு இளைஞர் சொன்னார்.

காலை ஆறரைக்கு எழுந்து அரைமணி உடற்பயிற்சி செய்வார்கள். குளித்துச் சிற்றுண்டி முடித்தபின் முதலில் தனியாகவும் பிறகு துணையோடு சேர்ந்தும் வேத வாசிப்பு நடக்கும். புது மொழி பேசும் நாடு என்றால் மொழிப்பாடமும் உண்டு. தங்கள் மகனுக்கு ஆங்கிலமே போதும் என்பதால் தொடக்கப் பயிற்சியும் சில வாரங்களில் முடிந்துவிடும். பத்து மணியளவில் வெளியே கிளம்பினால் இரவு ஒன்பது, ஒன்பதரைக்குத்தான் வீடு திரும்புவார்கள். மறுநாளுக்கான திட்டத்தை எழுதி வைத்துவிட்டுப் பத்தரைக்கு விளக்கை அணைக்க வேண்டும். 2017இல் இந்த அட்டவணை சற்றே தளர்த்தப்பட்டது. ஊருக்கு ஏற்ப அரைமணி முன்பின் ஆகலாம். தொலைக்காட்சி, திரைப்படம், காதல் எதற்கும் இடமில்லை.

அந்தப் பகல் பொழுதில் என்ன நடக்கிறது என்பதைத் தாங்கள் அறிந்திருப்பது நல்லது. தெருவில் எதிர்ப்படுகிறவர்களிடம் பேசுவார்கள், கதவைத் தட்டுவார்கள், கைப்பேசி வழியாக அறிமுகமானவர்களைச் சந்திப்பார்கள். முதியவரின் தோட்டத்தைச் சீர்செய்து கொடுப்பது போன்ற உதவி வேலைகளையும் வாரந்தோறும் செய்வார்கள். ஆனால் பெரும்பாலான கதவுகள் திறப்பதில்லை. எங்கள் தெரு இளைஞர் தம்முடைய பழைய குறிப்பேட்டை என் கையில் கொடுத்தார். ஒரு பக்கத்தில் பதினேழு வீட்டு எண்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. பதினாறு எண்களுக்கு எதிரே சிறு கோடு; பதினேழாவதற்கு எதிரே மட்டும் தமிழில், ‘தண்ணீர் கொடுத்தார்கள்’ என்றிருந்தது. மோர்மன் சபையின் கொள்கை எனக்கு உடன்பாடானதன்று என்றாலும், அந்த வரியைப் படித்தபோது அந்தப் பிள்ளையின் உழைப்பின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டாயிற்று.

உணவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அவர்களே சமைத்துக்கொள்வார்கள், சபைக் குடும்பத்தார் இரவு உணவுக்கு அழைப்பதும் வழக்கம். மது, புகையிலை, தேநீர், காப்பி நான்கையும் அந்தச் சபை விலக்கி வைத்திருப்பதால், இங்கிலாந்துக் குளிரில்கூட அவன் தேநீர் குடிக்கமாட்டான். மூலிகைக் கஷாயத்துக்குத் தடையில்லை. காப்பித்தூள் சேராத சுக்குமல்லிப் பொடியைத் தாராளமாகக் கட்டிக் கொடுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறன்று இரண்டு வேளை உண்ணாமல் நோன்பு இருப்பார்கள். ஆடிக் கூழ் ஊற்ற விரதம் இருக்கும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அது பழகியதாகவே இருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சட்டைப்பையின் மேல் அவன் அணியப்போகும் கறுப்பு அட்டையில் அவனுடைய பெயர் இருக்காது. ‘மூப்பர்’ என்ற சொல்லோடு குடும்பப்பெயரை மட்டுமே பொறிப்பார்கள். நம் பிள்ளைகளுக்குக் குடும்பப்பெயர் என்று தனியாக ஏது? கடவுச்சீட்டில் அந்த இடத்தில் தந்தையின் பெயர் இருந்தால், இரண்டு ஆண்டுகளும் துணைவர், சபையார், தெருவில் போகிறவர் உட்பட அனைவரும் அவனைத் தங்கள் கணவரின் பெயராலேயே அழைப்பார்கள். எங்கள் தெரு இளைஞர் முதல் வாரத்தில் தம்மை யாரோ அழைக்கிறார்கள் என்றே தெரியாமல், அப்பா எங்கே வந்தார் என்று திரும்பிப் பார்த்தாராம். இதைத் தங்கள் கணவரிடம் சொல்லுங்கள். மகன் தன்னை விட்டுப் போகிறான் என்று அவர் வருந்தினால் இது அவருக்கு ஆறுதலாக இருக்கும்.

வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்கட்கிழமை, துணி துவைக்கவும் கடைக்குப் போகவும் முடிவெட்டிக்கொள்ளவும் விடுவார்கள். அதற்கு ‘ஆயத்த நாள்’ என்று பெயர். முன்பெல்லாம் வீட்டோடு பேசக் கிறிஸ்துமஸ், அன்னையர் தினம் என்று ஆண்டுக்கு இரண்டே வாய்ப்புகள்தாம் இருந்தன; மற்ற நாட்களில் கடிதமும் மின்னஞ்சலும்தான். 2019 பிப்ரவரியில் அது மாறி, இப்போது வாரந்தோறும் ஆயத்த நாளில் பேசலாம், முகம் பார்த்தும் பேசலாம். இங்கிலாந்தில் நண்பகல் என்றால் நமக்குக் குளிர்காலத்தில் மாலை ஐந்தரை, கோடையில் நாலரை. அந்த நேரத்தை வேறு வேலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். பேசும்போது ‘எப்போது வருவாய்’ என்று கேட்காமல், யாரைப் பார்த்தாய், என்ன சமைத்தாய் என்று கேளுங்கள். வாரம் முழுவதும் அந்நியரிடம் பேசிக் களைத்தவனுக்கு வீட்டுப் பேச்சுத்தான் வேண்டும். பாலக்கோட்டில் தக்காளி என்ன விலை என்பதுகூட அவனுக்கு அப்போது இனிக்கும்.

திரும்பி வரலாமா என்றால், வரலாம். இது மனமுவந்து ஏற்கும் பணி. யாரையும் கட்டி வைப்பதில்லை. அந்தந்தப் பகுதிக்குப் பொறுப்பான ஊழியத் தலைவரும் அவருடைய மனைவியும் அங்கேயே இருப்பார்கள். உடல் நலமில்லை, மனம் சோர்ந்துவிட்டது என்றால் முதலில் அவர்களிடம் சொல்ல வேண்டும். இதில் எனக்கு ஒரு கவலை உண்டு. பாதியில் திரும்பினால் தோற்றதாகிவிடும் என்ற வெட்கத்தில் பிள்ளைகள் பலர் நோயை மறைத்துக்கொண்டு நாளைத் தள்ளுகிறார்கள். ஆகவே புறப்படுமுன்பே, ‘ஏழு மாதத்தில் வந்தாலும் இந்த வீட்டில் உனக்கு இலை போடுவேன்’ என்று வாய்விட்டுச் சொல்லி அனுப்புங்கள்.

கேள்வி: மோர்மன் சபையார் கிறிஸ்தவர்கள்தாமா? எங்கள் கத்தோலிக்கப் பங்கில் கேட்டால் இல்லை என்கிறார்கள். (கல்லூரி மாணவர், எலத்தகிரி)

பதில்: தங்கள் பங்கில் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய இந்தச் சபை, விவிலியத்தோடு மோர்மன் புத்தகத்தையும் வேதமாகக் கொள்கிறது. தந்தை, மகன், ஆவியானவர் மூவரையும் தனித்தனியானவர்களாகக் கருதுகிறது. ஆதலால் இவர்களுடைய திருமுழுக்குச் செல்லாது என்று கத்தோலிக்கத் திருச்சபை 2001இல் அறிவித்தது. அவர்களோ தங்களைக் கிறிஸ்தவர்கள் என்றே உறுதியாகச் சொல்கிறார்கள். ‘மோர்மன்’ என்ற அடைபெயரை விட்டு, பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்ற முழுப்பெயரால் அழைக்குமாறு 2018 முதல் வலியுறுத்துகிறார்கள். மதராஸுக்கு இவர்கள் புதியவர்களும் அல்லர். ரிச்சர்ட் பாலன்டைன் என்பவர் 1853இலேயே அங்கு வந்து ஏறத்தாழ ஓராண்டு ஊழியம் செய்திருக்கிறார்.

கேள்வி: சம்பளமில்லாத இந்த ஊழியத்துக்குச் செலவு யாருடையது? (ஓய்வுபெற்ற எழுத்தர், தருமபுரி)

பதில்: ஊழியக்காரரும் குடும்பத்தாருமே கட்டுகிறார்கள். அமெரிக்காவிலிருந்து செல்பவருக்கு மாதம் 400 டாலராக இருந்த தொகை 2020இல் 500 ஆயிற்று. செலவு மிகுந்த நாட்டுக்குப் போகிறவரும் குறைந்த நாட்டுக்குப் போகிறவரும் ஒரே அளவே கட்டுவார்கள். பிற நாடுகளில் தொகை அந்தந்த மக்களின் வசதிக்கேற்ப மாறும். இயலாதவர்களுக்குச் சபையார் கைகொடுப்பதும் உண்டு. கடன் வாங்கிக் கட்டுவதற்கு முன் உள்ளூர்ச் சபைப் பொறுப்பாளரிடம் நிலைமையை ஒளிக்காமல் சொல்வதே சரி.

கேள்வி: பெண்களும் போகிறார்களா? (இல்லத்தரசி, அரூர்)

பதில்: போகிறார்கள். ஆண்களுக்கு இரண்டு ஆண்டு, பெண்களுக்கு ஒன்றரை ஆண்டு. பெண்களுக்கான குறைந்தபட்ச வயதை 2012 அக்டோபரில் 21இலிருந்து 19 ஆகக் குறைத்தபின் அவர்கள் எண்ணிக்கை வெகுவாக உயர்ந்தது. அவர்களை ‘சகோதரி’ என்று அழைப்பார்கள். அட்டையும் அட்டவணையும் ஆண்களுக்கு உள்ளவையே.