‘திருப்தியா?’ என்று கேட்காதீர்கள்

ஏழைகளுக்கான பொதுச் சேவைகள் எப்படி நடக்கின்றன என்று மக்களிடம் கேட்டறிவது பற்றி வந்த கேள்விகளில் சில.

கேள்வி: சுகாதார நிலையம் மோசம் என்று எல்லாருக்கும் தெரியும். படிவத்தில் மட்டும் ‘திருப்தி’ என்றே வருகிறதே, ஏன் ஐயா?

பதில்: பாதி பயம், பாதி பழக்கம். கேட்பவர் அரசாங்கத்து ஆள் என்று பட்டால், வரும் உதவித்தொகையும் நின்றுவிடுமோ என்று தோன்றும். நல்ல சேவையையே பார்க்காதவர்களுக்குக் கிடைத்ததே பெரிசு. அதனால் அபிப்பிராயம் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். கடைசியாக எப்போது போனீர்கள்? எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்? மருந்தை அங்கேயே கொடுத்தார்களா, வெளியே வாங்கச் சொன்னார்களா? இப்படி. ‘லஞ்சம்’ என்று சொன்னால் வாய் மூடிக்கொள்ளும். ‘ரசீது இல்லாமல் ஏதாவது கொடுக்க வேண்டி வந்ததா’ என்றால் பதில் வரும். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். வீட்டு ஆண்கள் பக்கத்தில் நின்றால் அவர்கள்தான் பேசுவார்கள்.

கேள்வி: புகார்ப் பெட்டி போதாதா?

பதில்: எழுதத் தெரியாதவர் என்ன செய்வார்? அப்புறம், சாவி யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: மக்களிடம் இப்படிக் கேட்டறிவதால் எங்காவது ஏதாவது மாறியிருக்கிறதா?

பதில்: மாறியிருக்கிறது, ஆனால் மெதுவாக. பெங்களூரில் பொருளாதார அறிஞர் சாமுவேல் பால் முன்னின்று, குடிநீர், மின்சாரம் போன்ற சேவைகளுக்கு மக்களே மதிப்பிடும் அட்டையை 1994-இல் வெளியிட்டார். குடிசைப் பகுதிகளில் தனியாகக் கேட்டார்கள். பத்திரிகைகளில் பேச்சானது, சேவையில் பெரிதாக ஒன்றும் நகரவில்லை. 1999-இல் மறுபடி எடுத்தார்கள், 2003-இல் மூன்றாவது முறை. அதில்தான் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. நடுவில் மாநில அரசும் அக்கறை காட்டியது என்பதை மறக்கக் கூடாது.

உகாண்டாவில் ஐம்பது சுகாதார நிலையங்களை வைத்து நடந்த ஆய்வு 2009-இல் வெளியானது. மக்களும் ஊழியர்களும் சேர்ந்து உட்கார்ந்து திட்டம் போட்ட இடங்களில், ஒரே ஆண்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பின்னால் அதே நாட்டில் பெரிய அளவில் செய்த ஆய்வில் அவ்வளவு பலன் கிடைக்கவில்லை. ஆகவே இதை மந்திரம் மாதிரி விற்பவர்களை நம்பாதீர்கள்.

கேள்வி: கேட்டு முடித்துவிட்டோம். அடுத்து?

பதில்: பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். அறிக்கை அச்சாகும், அலமாரிக்குப் போகும். அதற்குப் பதில், பதில் சொன்ன மக்களிடமே முடிவைக் கொண்டுபோய்ச் சொல்லுங்கள். ஊழியர்களையும் தங்களுக்குத் தாங்களே மதிப்பெண் போடச் சொல்லி, இரு தரப்பையும் ஒன்றாக உட்கார வையுங்கள். செவிலியர் இடம் காலி, மருந்தே வரவில்லை என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்வது என்று எல்லார் முன்னாலும் எழுதுங்கள். அவர்கள் கையில் இல்லாததை மேலதிகாரியிடம் கொண்டுபோகும் பொறுப்பையும் ஒருவருக்குக் கொடுங்கள்.

கேள்வி: பேசியவர்களைப் பழிவாங்கினால்?

பதில்: பெயர் எழுதாவிட்டால் மட்டும் போதாது. சின்ன ஊரில் ‘விதவை, அறுபது வயது’ என்றாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். பல ஊர்க் கணக்கைச் சேர்த்தே வெளியிடுங்கள். கூட்டத்தில் தனிநபர் கதையை அவர் சம்மதமில்லாமல் எடுக்காதீர்கள்.