ரொஸ்கில்டவுக்கு மகளை அனுப்பலாமா?

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். டென்மார்க், ஹெர்னிங்கிலிருந்து எழுதுகிறேன். 1990களில் இங்கே வந்து சேர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம் எங்களுடையது. மகளுக்கு 18 வயது. இந்த ஜூனில் ஜிம்னேசியம் என்கிற மேல்நிலைப் பள்ளி முடிக்கிறாள். முடித்த கையோடு வகுப்புப் பிள்ளைகள் நாலு பேருடன் ரொஸ்கில்ட இசைவிழாவுக்குப் போக வேண்டும், எட்டு நாளும் கூடாரத்தில் தங்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். மனைவி கூடவே கூடாது என்கிறா. குடி, ஆண்பிள்ளைகள், மழை, சேறு என்று எனக்கும் யோசனையாக இருக்கிறது. டிக்கெட்டும் மலிவில்லை, தொண்டர் வேலை செய்தால் இலவசம் என்று மகள் சொல்கிறாள். 2000ஆம் ஆண்டு அங்கே நெரிசலில் ஒன்பது பெடியள் செத்ததை டிவியில் பார்த்தவன் நான். விடலாமா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

த.

அன்புள்ள த.,

விடுங்கள், போகட்டும்.

குடியும் ஆண்பிள்ளைகளும் ஹெர்னிங்கில் இல்லையா? 18 வயதுப் பெண் உங்கள் முன்னால் வந்து நின்று, எங்கே போகிறேன், எத்தனை நாள், எங்கே படுப்பேன் என்று சொல்லி அனுமதி கேட்கிறாள். அந்த நாட்டுச் சட்டப்படி அவள் கேட்காமலே போகலாம். கேட்கிறாளே, அதற்குச் சந்தேகத்தையா பதிலாகக் கொடுப்பது? ‘வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களில் ஒருவரைப் பற்றியாவது ஒரு வரி இருக்கும் என்று தேடினேன், இல்லை. நாலு பேரையும் ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடுங்கள். இந்த விஷயத்தில் நான் சொல்ல வேறொன்றும் இல்லை.

மழை, சேறு எல்லாம் பொருள் வாங்கித் தீர்க்கிற கஷ்டங்கள். 2007இல் அந்தத் திடலே குளமாகக் கிடந்தது. அந்த வருடமும் விழா நடந்தது. ஜூலை தொடக்கத்தில்கூட அங்கே இரவில் 10, 12 பாகைக்கு இறங்கும். பலர் நல்ல உறக்கப்பை வாங்கிவிட்டு அடியில் விரிக்கும் பாயில் மிச்சம் பிடிக்கிறார்கள். உடம்பின் கீழே உறக்கப்பையின் பஞ்சு நசுங்கித் தட்டையாகிவிடும், சூடு தரைக்குள் போய்விடும். அதனால் பணத்தைப் பாயில் போடுங்கள். கூடாரத்துக்கு அடியில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தைவிட ஒரு சாண் சிறியதாக இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரை ஏந்தி அப்படியே படுக்கைக்குக் கீழே கொண்டுவரும். காலை நாலரைக்குச் சூரியன் வந்துவிடும், எட்டு மணிக்குக் கூடாரத்துக்குள் இருக்க முடியாது. கண்மறைப்புப் பட்டியும் காதடைப்பானும் மலிவான சமாசாரம். முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் ஒரு சோடி.

டிக்கெட் விஷயத்தில் மகள் சொல்வது சரி. எட்டு மணிநேர முறை நாலு, ஆக 32 மணிநேரம் வேலை செய்தால் டிக்கெட் இலவசம். அந்த விழாவில் கிட்டத்தட்ட 30,000 பேர் அப்படித் தொண்டர்களாக நிற்கிறார்கள். 1972இலிருந்து அதை நடத்துவது ஒரு அறக்கட்டளை, லாபம் பொதுக்காரியங்களுக்குப் போகிறது. சாப்பாட்டுக் கடைகளில் பல, விளையாட்டுக் கழகங்களும் சங்கங்களும் தங்கள் நிதிக்காக நடத்துபவை. வேலை செய்து போகிற பிள்ளைக்கு யாரிடம் உதவி கேட்பது, எந்த வாசல் எங்கே என்பதெல்லாம் முதல் நாளிலேயே தெரிந்துவிடும். தாராளமாகச் செய்யட்டும்.

இனி, நீங்கள் கடைசியில் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோன விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பயங்களில் பயம் என்று சொல்லத் தகுந்தது அது ஒன்றுதான். கரூரில் 2025 செப்டம்பரில் பிரசாரக் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்ததிலிருந்து இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இத்தனை சாவுக்குப் பிறகும் ஒருவன் நெரிசலில் எப்படிச் சாகிறான் என்பது நம்மில் படித்தவர்களுக்கே தெரியவில்லை. மிதித்துக் கொன்றுவிட்டார்கள் என்கிறோம், பீதியில் ஓடினார்கள் என்கிறோம், கட்டுக்கடங்காத கூட்டம் என்கிறோம். பெரும்பாலான நெரிசல்களில் இந்த மூன்றுமே தவறு.

மூச்சை இழுக்க விலா எலும்புகள் மேலெழ வேண்டும், உதரவிதானம் கீழே இறங்க வேண்டும். அதற்குச் சில சென்டிமீட்டர் இடம் வேண்டும். முன்னும் பின்னும் ஆட்கள் அழுத்தும்போது, நீங்கள் மூச்சை விடும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு சுருங்கிய அந்த இடத்தை அடுத்தவர் உடம்பு எடுத்துக்கொள்கிறது. அடுத்த மூச்சு அதைவிடச் சிறியது. அரை நிமிடத்தில் தலை சுற்றும், சில நிமிடங்களில் உயிர் போகும். நின்றபடியே போகும், ஏனென்றால் விழ இடமில்லை. கூட்டத்தைப் பற்றி வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த அமெரிக்கப் பொறியாளர் ஜான் ஃப்ரூயின் 1993இல் எழுதிய கட்டுரையில் இதைத் தெளிவாக வைத்திருக்கிறார். நெரிசல் முடிந்தபின் வளைந்து கிடந்த இரும்புக் கிராதிகளைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், அவற்றின்மேல் 450 கிலோவுக்கும் அதிகமான விசை விழுந்திருக்கிறது. இரும்பே வளைந்தது என்றால் விலா எலும்பு எம்மாத்திரம்?

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். தரையில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டம் போடுங்கள். நாலு பேர் அதற்குள் நின்றால் தோள்கள் உரசும், ஆனாலும் திரும்பலாம், கை தூக்கலாம், வெளியே நடக்கலாம். ஐந்தாவது ஆள் வந்தால் எல்லாப் பக்கமும் உடம்பு படும். ஆறாவது ஆளோடு கையை முகத்துக்குக் கொண்டுபோவதே சிரமம். ஏழு ஆனதும் தனித்தனி மனிதர்கள் என்பது போய்விடுகிறது, கூட்டம் தண்ணீரைப் போல நடக்கத் தொடங்குகிறது. பின்னால் ஒருவர் அரை அடி முன்னே வைத்தால் அது அலையாக ஓடி, முன்னால் இருப்பவரை மூன்று மீட்டர் தள்ளிக் கொண்டுபோய்விடும், காலில் இருந்த செருப்பு பழைய இடத்திலேயே கிடக்கும். நாலுக்கும் ஏழுக்கும் இடையில் வெறும் மூன்று பேர். பின்னால் நிற்பவருக்கு இது எதுவும் தெரியாது. அவர் யாரையும் தள்ளவில்லை, மேடை இன்னும் கொஞ்சம் தெரியட்டுமே என்று அரை அடி வைத்தார், அவ்வளவுதான். முன்னால் அலறுகிற குரல் ஒலிபெருக்கிச் சத்தத்தில் அவர் காதில் விழாது.

ரொஸ்கில்டவில் 2000 ஜூன் 30 இரவு நடந்தது இதுதான். ஆரஞ்சு மேடை என்கிற பிரதான மேடையில் பேர்ல் ஜாம் என்ற அமெரிக்க ராக் இசைக்குழு, முன்னால் சுமார் 50,000 பேர். மழையில் தரை வழுக்கியது. ஏற்கெனவே ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நின்ற கூட்டத்தில், வேலிக்குச் சில மீட்டர் பின்னால் சிலர் வழுக்கி விழுந்தார்கள். அவர்கள்மேல் சாய்ந்திருந்தவர்களுக்குப் பிடிப்புப் போனது, அவர்களும் அந்தக் குழிக்குள் விழுந்தார்கள், பின்னிருந்து வந்த அழுத்தம் அதன்மேல் இன்னும் ஆட்களைக் கொண்டுவந்து போட்டது. விழுந்தது காவலர்களுக்குத் தெரிந்து, அது மேடைக்கு எட்டி, பாட்டு நிற்பதற்குள் நிமிடங்கள் பல போய்விட்டன. பாடகர் பாட்டை நிறுத்தி எல்லோரையும் பின்னே நகரச் சொன்னார். எட்டுப் பேர் அன்றிரவே இறந்தார்கள், ஒன்பதாமவர் சில நாள் கழித்து மருத்துவமனையில். டென்மார்க்கிலிருந்து மூவர், ஸ்வீடனிலிருந்து மூவர், ஜெர்மனி, நெதர்லாந்து, ஆஸ்திரேலியாவிலிருந்து ஒவ்வொருவர். எல்லோரும் 17க்கும் 26க்கும் இடைப்பட்ட பிள்ளைகள். அந்த 50,000 பேரில் கெட்டவன் என்று ஒருவனைக் காட்ட முடியுமா?

ஆகையால் கூட்டத்தைத் திட்டுவதை முதலில் நிறுத்துங்கள். உங்களைத்தான் சொல்கிறேன். ‘நெரிசலில் செத்தார்கள்’ என்று வானிலைச் செய்தி மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அது மழையைப் போல் தானாக வந்தது அல்ல. இத்தனை சதுர மீட்டருக்கு இத்தனை பேர், இத்தனை வழி, பாட்டை நிறுத்தும் அதிகாரம் இன்னாருக்கு என்று முன்னாலேயே முடிவுசெய்ய வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ரொஸ்கில்டக்காரர்கள் அந்த வேலையைச் செய்தார்கள் என்பதால்தான் போகட்டும் என்கிறேன். அதற்குப் பிறகு ஆரஞ்சு மேடைக்கு முன்னால் இருக்கும் இடத்தை வேலி போட்டு அடைப்புகளாகப் பிரித்தார்கள். எண்ணித்தான் ஆள் விடுகிறார்கள், உள்ளே போக ஒரு வழி, வெளியே வர வேறு வழி. முன்வரிசை முதல் கடைசி வரிசைவரை கூட்டத்தின் ஆழம் குறைந்தால் பின்னாலிருந்து சேரும் அழுத்தமும் குறையும், கணக்கு அவ்வளவுதான். ஆட்களின் தலைமேல் மிதந்துபோகிற விளையாட்டுக்குத் தடை. வேலிக்கு உட்புறம் நிற்கும் பணியாளர்கள் மேடையைப் பார்ப்பதில்லை, முகங்களைப் பார்க்கிறார்கள், தண்ணீர் கொடுக்கிறார்கள். அந்த வேலியும் சாதாரண வேலி இல்லை. அலுமினியத்தில், பக்கவாட்டில் பார்த்தால் முக்கோணமாக இருக்கும். பார்வையாளர் பக்கம் நீண்டிருக்கும் அதன் அடித்தகட்டின் மேலேயே முன்வரிசை நிற்பதால், அவர்கள் எடைதான் வேலியைக் கவிழாமல் பிடித்துவைக்கிறது. மறுபுறம் காவலர் ஏறி நிற்க ஒரு படி இருக்கும். அங்கிருந்து குனிந்து, கக்கத்தில் கைகொடுத்து ஆளைத் தூக்கி எடுத்துவிடலாம்.

இதனால் மகளுக்கு ஒன்று தெரிய வேண்டும். வேலியைத் தொட்டு நிற்பவளைத் தூக்கிவிட ஆள் உண்டு. வேலிக்கு ஐந்தாறு மீட்டர் பின்னால், நட்டநடுவில் நிற்பவளை எட்ட யாராலும் முடியாது. முன்னால் போக ஆசையென்றால் அடைப்புக்குள் வரிசையில் நின்று முறையாகப் போகட்டும், ஓரமாக நிற்கட்டும். இல்லாவிட்டால் ஒலிக்கட்டுப்பாட்டு மேசை இருக்கும் கூடத்துக்குப் பின்னால் நிற்கட்டும். திடலில் ஒலி மிக நன்றாகக் கேட்கும் இடம் அதன் பக்கம்தான், ஒலிப்பொறியாளரே அங்கிருந்து கேட்டுத்தானே சரிசெய்கிறார்.

நின்ற இடத்தில் எல்லாப் பக்கமும் உடம்பு படுகிறதா, கையைத் தூக்கி மூக்கைச் சொறிய முடிகிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். முடியவில்லையென்றால் பிடித்த பாட்டு பாதியில் இருந்தாலும் அப்போதே வெளியேற வேண்டும். தன் விருப்பமில்லாமல் உடம்பு ஆடத் தொடங்கினால் ஏற்கெனவே தாமதம். அப்போது குத்துச்சண்டைக்காரன் மாதிரி இரண்டு முன்னங்கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் மடக்கி வைக்க வேண்டும். மூச்சுக்கு வேண்டிய அந்தச் சில சென்டிமீட்டரை அந்தக் கைகள்தான் காப்பாற்றும். அலை வரும்போது எதிர்த்துத் தள்ளக் கூடாது. அதோடு போய், அது தளரும் நேரத்தில் குறுக்குச் சாய்வாக ஓரத்தை நோக்கி நாலடி, அடுத்த தளர்வில் இன்னும் நாலடி. கத்தி மூச்சை வீணாக்க வேண்டாம். ஃபோன் விழுந்தால் விழுந்ததுதான், குனியவே கூடாது. பக்கத்தில் யாராவது விழுந்தால் உடனே, அந்த நொடியிலேயே, நாலு கை சேர்ந்து தூக்க வேண்டும். தானே விழுந்தால் ஒருக்களித்துச் சுருண்டு தலையைக் கையால் மூட வேண்டும்; குப்புறவோ மல்லாந்தோ கிடந்தால் நெஞ்சின்மேல் பாரம் விழும். முதுகுப்பை கூடாரத்திலேயே இருக்கட்டும், கூட்டத்துக்குள் அது இன்னொரு ஆளின் இடத்தை எடுக்கும்.

ஐந்து பேரும் பிரிந்துவிட்டால் சேர்வதற்கு ஓர் இடமும் நேரமும் பகலிலேயே பேசி வைக்க வேண்டும். லட்சம் பேர் ஒரே நேரத்தில் ஃபோனை எடுத்தால் அழைப்புப் போகாது, குறுஞ்செய்தி பெரும்பாலும் போய்ச் சேரும். அவள் பதில் போடவில்லையென்று நீங்கள் இரவு முழுக்க அழைத்துப் பேட்டரியைத் தின்னாதீர்கள். 20,000 எம்ஏஎச் பவர்பேங்க் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு, நாளுக்கு ஒரு செய்தி என்று பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கும் ஒரு வேலை. அடுத்த முறை உங்கள் ஊரில் தமிழ் விழாவுக்கு மண்டபத்துக்குப் போனால், அவசர வழிக் கதவுகள் எத்தனை, அவை உள்ளிருந்து தள்ளினால் திறக்கின்றனவா என்று பாருங்கள். கதவுக்கு முன்னால் கதிரைகளை அடுக்கியிருந்தால் யாரையும் கேட்காமல் எடுத்து அப்பால் வையுங்கள். ஆரஞ்சு மேடையில் எண்ணித்தான் ஆள் விடுகிறார்கள். நம் மண்டபத்தில் எண்ணுகிறார்களா என்று கேளுங்கள்.

மனைவிக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். நடுவில் மூச்சைப் பற்றி எழுதியிருக்கும் பகுதியை மகளே சத்தமாகப் படிக்கட்டும். படித்துவிட்டு அவளே வேண்டாம் என்றால் அது அவள் முடிவு. போகிறேன் என்றால், பள்ளி முடித்த பிள்ளைகளின் வழக்கப்படி வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு கூட்டாளிகளோடு லாரியில் ஊர்சுற்றப்போகிற அந்த வாரத்துக்கு முன்னாலேயே, கணுக்காலை மூடுகிற, கயிறு கட்டும் ஷூ ஒன்று வாங்கிக் கொடுங்கள். இரண்டு வாரமாவது வீட்டில் போட்டு நடந்து பழகட்டும். மேடைக்குப் போகும்போது கயிற்றை இரட்டை முடிச்சாகப் போட்டு, மிச்ச நுனியை உள்ளே செருகிக்கொள்ள வேண்டும்.