மீன் தொட்டிக்கு எல்.இ.டி.யா, ரியூப் லைட்டா?

வீட்டு மீன் தொட்டிக்கு எந்த விளக்கு நல்லது என்பதுதான் கேள்வி. புதிதாக வாங்குவதானால் எல்.இ.டி.யையே வாங்குங்கள்.

ரியூப் லைட்டின் குழலுக்குள் கொஞ்சம் பாதரச ஆவி இருக்கிறது. மின்சாரம் பாயும்போது அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் வரும்; குழலின் உட்புறம் பூசிய வெள்ளைப் பொடி அதை வெளிச்சமாக மாற்றும். அந்தப் பூச்சு நாளாக நாளாகச் சோர்ந்துவிடும். விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் தொட்டியிலுள்ள செடிகளுக்குக் கிடைக்கும் ஒளி குறைந்திருக்கும். எல்.இ.டி.யில் பாதரச ஆவி இல்லை; ஒரு சின்ன மின்னணுச் சில்லே (சிப்) ஒளி தருகிறது.

அடுத்தது ஒளி போகும் திசை. வாய்க்கால் கட்டி வாழையடிக்குத் தண்ணீர் விடுவது போன்றது எல்.இ.டி. ரியூப் லைட் நாலு பக்கமும் விசிறும். மேலே போவதைக் கீழே திருப்ப ஒரு தகடு வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் சூடும் முக்கியம். சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் ஏற்கெனவே வெதுவெதுப்பாக இருக்கும். சூடான நீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும்; மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். எல்.இ.டி. குறைந்த மின்சாரத்தில் எரிவதால் அந்தச் சூட்டை அவ்வளவாகக் கூட்டாது. அப்புறம், எங்கள் கிணறுகளில் சுண்ணாம்புத் தண்ணீர். மூடிக் கண்ணாடியில் தெறித்த துளிகள் காய்ந்து வெள்ளைப் படலமாகும். எந்த விளக்கானாலும் அது ஒளியை மறைக்கும். மூடியைக் கழற்றி, வினாகிரி தொட்ட துணியால் துடைத்துக் கழுவுங்கள்.

எல்.இ.டி. போட்டால் பாசி பிடிக்கும் என்று பலர் சொல்வார்கள். பாசிக்குக் காரணம் விளக்கின் வகை இல்லை, நெடுநேரம் எரியவிடுவதும் மீன் தின்னாமல் மிஞ்சும் தீனியும்தான், ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணித்தியாலம் எரிந்தால் போதும்.